ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடும் கலம்

பொத்தானை அழுத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஐந்து நிமிடம். வேற்றுக் கோள் ஒன்றின் அடியாழத்தில், இருட்டுக் குகைக்குள் நான்கு குள்ளர்கள் நிற்கிறார்கள். அவர்கள் தோண்டிய தாதுவையெல்லாம் வயிற்றில் சுமந்துகொண்டு மோலி என்ற நாலுகால் இயந்திரம் நடக்கத் தொடங்குகிறது. யாருக்காகவும் அது நிற்காது. பாறையில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், சுவரில்கூட நடக்கும். போகிற வழியில் சின்னச் சின்ன விளக்குகளை விட்டுவிட்டுப் போகும். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, துரத்தி வரும் பூச்சிக் கூட்டத்தைச் சுட்டுக்கொண்டே நான்கு பேரும் ஓட வேண்டும். நேரம் முடிந்ததும் மீட்புக் கலத்தின் கதவு மூடிவிடும். நால்வரில் ஒருவர் உள்ளே ஏறியிருந்தாலும் போதும், வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதப்படும். மற்ற மூவர் குகையிலேயே கிடந்தாலும் கலம் கிளம்பிவிடும்.

'டீப் ராக் கேலக்டிக்' என்ற வீடியோ கேமில் ஒவ்வொரு ஷிஃப்டும் ஏறக்குறைய இப்படித்தான் முடிகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்து கோஸ்ட் ஷிப் கேம்ஸ் உருவாக்கிய விளையாட்டு இது. 2018 பிப்ரவரியில் முன்பதிப்பாக வந்தது; 2020 மே மாதம் முழுமையாக வெளியானது. ஐரோப்பிய நாட்டார் கதைகளில் மலைக்கடியில் உலோகம் தோண்டிக்கொண்டிருந்த தாடிக்காரக் குள்ளர்கள், இதில் ஒரு விண்வெளிச் சுரங்கக் கம்பெனியின் கூலித் தொழிலாளர்கள். ஹாக்ஸஸ் என்ற கோளைச் சுற்றிவரும் நிலையத்தில் அவர்கள் தங்குகிறார்கள்; கம்பெனி சொல்லும்போது கீழே இறங்கி மார்க்கைட் என்ற நீலத் தாதுவை வெட்டுகிறார்கள்; கிளிஃபிட் என்ற பூச்சி இனத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

சில மணி நேரம் விளையாடிய எவருக்கும் கேள்விகள் எழும். இவ்வளவு குடைந்தும் குகையின் கூரை ஏன் இடிந்து விழுவதில்லை? கோளைச் சுற்றி நிலையம் கட்டும் அளவுக்கு வசதியுள்ள கம்பெனி, தாது வெட்ட நாலு பேரைக் குந்தாலியோடு அனுப்புவானேன்? கலம் ஆறாவது நிமிடம் வரை நின்றால் என்ன குறைந்துவிடும்? சண்டையில் விழுந்து, குகையிலேயே விடப்பட்டவர் அடுத்த காட்சியில் நிலையத்தின் மருத்துவ அறையில் கண் விழிக்கிறாரே, அவரைத் தூக்கி வந்தது யார்?

இந்தக் கேள்விகளை ஒரே தராசில் போட்டு, 'விளையாட்டுதானே, லாஜிக் எதற்கு' என்று தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளுவது தவறு. இவற்றில் ஒன்று அற்பமானது, ஒன்று உண்மையான குறை, மற்றவை இந்த விளையாட்டின் ஆகச் சிறந்த பகுதி. எது எது என்று பிரித்துப் பார்க்க, சுரங்கம் என்றால் என்ன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மண்ணைத் தோண்டுவதோடு அது முடிவதில்லை. தோண்டும் செலவைவிடத் தோண்டி எடுத்தது கூடுதல் விலைக்குப் போகிறதா என்ற கணக்குதான் சுரங்கத்தை நடத்துகிறது.

அற்பமானதை முதலில் சொல்லிவிடலாம். ஹாக்ஸஸின் பாறை எந்தச் சுரங்க விதிக்கும் கட்டுப்படுவதில்லை. எவ்வளவு குடைந்தாலும் கூரை இடிந்து விழாது. முட்டுக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஊற்றெடுக்கும் தண்ணீரை இறைக்க பம்பு வேண்டாம். காற்றுக் குறைவு என்பது சில பயணங்களில் மட்டும் வரும் கூடுதல் சிரமம்; அப்போதும் மோலியின் அருகில் போய் நின்றால் ஆக்ஸிஜன் கிடைத்துவிடும்.

நிஜச் சுரங்கத்தில் வேலையின் பெரும்பங்கு முட்டுக் கொடுப்பதும் தண்ணீர் இறைப்பதும் காற்றுச் செலுத்துவதும்தான். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலேயிருந்து குளிர்ந்த காற்றை இடைவிடாமல் செலுத்தினால்தான் ஆள் நிற்க முடியும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அப்படி இறந்தவர்கள் பலர். அங்கே இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள். அந்தச் சுரங்கங்களுக்காகவே 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது தங்கம் ஒரேயடியாகத் தீர்ந்துபோயிருக்கவில்லை. ஒரு கிராம் எடுக்க ஆகும் செலவு அந்த ஒரு கிராமின் விலையை மிஞ்சிவிட்டது. மூடியது கணக்கு.

ஆகவே ஹாக்ஸஸில் கூரை விழாததைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பாறையை எந்தத் திசையிலும் குடைந்து போகலாம் என்பதே இந்த விளையாட்டின் சுகம். அதற்காகக் கொடுத்த விலை அது. பார்க்க வேண்டியது அந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை.

அதில் முதல் பக்கத்திலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. குள்ளர்களிடம் தோட்டா தீர்ந்துபோனால் மேலே நிலையத்துக்குச் சொல்லி வரவழைக்கலாம். விண்ணிலிருந்து ஒரு பெட்டகம் பாய்ந்து வந்து, இடையிலுள்ள பாறையையெல்லாம் துளைத்துக்கொண்டு, கேட்ட இடத்தில் கச்சிதமாக இறங்கும். ஆனால் அது இலவசம் இல்லை. நைட்ரா என்ற சிவப்புக் கனிமத்தை 80 அளவு தோண்டி மோலியிடம் போட்டிருந்தால்தான் பெட்டகம் வரும். 79 இருந்தால் வராது. பூச்சிகள் நாலாபுறமும் சூழ்ந்திருக்க, ஒருவர் சுட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் சுவரில் சிவப்புக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருப்பது இந்த விளையாட்டில் அன்றாடக் காட்சி. தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் தோட்டாவுக்கான விலையைத் தொழிலாளர்களே அந்த நேரத்தில் வெட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

தன் ஆட்கள் செத்தால் கம்பெனிக்கும் நஷ்டம்தானே, தோட்டாவுக்குக் காசு கேட்பது முட்டாள்தனம் இல்லையா என்று தோன்றும். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரி வெட்டியவர்கள், பாறையைத் தகர்க்கும் வெடிமருந்தைத் தங்கள் கூலியிலிருந்துதான் வாங்கினார்கள். அதுவும் கம்பெனியிடமிருந்தே, வெளிச் சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு. 1900ஆம் ஆண்டு அங்கே நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் வெடிமருந்தின் விலை முக்கியமான குறைகளில் ஒன்று. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி ஊர்களில் கூலியே கம்பெனி அச்சடித்த வில்லைகளாகக் கிடைத்தது. அது கம்பெனிக் கடையில்தான் செல்லும். அந்த ஊர்களில் வாழ்ந்த ஒருவர் நைட்ரா கணக்கைப் பார்த்தால், இதில் புதிர் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்.

நாலு பேரும் குந்தாலியும் என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. அந்தக் கம்பெனியிடம் பெரிய இயந்திரம் இல்லாமல் இல்லை. டொரெட்டா என்ற பிரம்மாண்டமான துளையிடும் வண்டி ஒரு வகைப் பயணத்தில் வருகிறது. இயந்திரம் உடைந்தால் நஷ்டம் முழுவதும் கம்பெனியுடையது. குள்ளர் உடைந்தால் நஷ்டத்தில் பெரும்பங்கு குள்ளருடையது. கணக்குப்பிள்ளை எதை அனுப்பச் சொல்வார் என்பதில் சந்தேகமே இல்லை.

ஐந்து நிமிடக் கெடு பரபரப்புக்காக வைத்தது, அதில் இவ்வளவு பொருள் தேடுவது அதிகப்படி என்று ஒரு வாதம் வரும். பரபரப்புக்காக வைத்தது என்பது உண்மை. ஆனால் அதே பரபரப்பை ஓர் எரிமலை வெடிப்பைக் காட்டியும் உண்டாக்கியிருக்கலாம், குகை இடிகிறது என்று சொல்லியிருக்கலாம். படைத்தவர்கள் அந்த வழியை எடுக்கவில்லை. கெடுவை விதிப்பது மேலே பத்திரமாக உட்கார்ந்திருக்கும் நிர்வாகம் என்று வைத்தார்கள். இயற்கையின் மேல் போடக்கூடிய பழியை ஒரு முதலாளியின் மேல் போட்ட அந்த ஒரு தேர்வுதான் உலகப் படைப்பு. அதனால்தான் கலம் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி விளையாடுபவரின் மனதில் எரிச்சலாகத் தங்குகிறது. தங்க வேண்டிய எரிச்சல் அது.

கணக்கே பார்க்காத சுரங்கக் கதை எப்படித் தடுமாறும் என்பதற்கு 'டெட் ஸ்பேஸ்' உதாரணம். 2008ல் வெளியாகி, 2023ல் புதுப்பொலிவோடு மீண்டும் வந்த திகில் விளையாட்டு. இஷிமுரா என்ற ராட்சதக் கப்பல், ஒரு கோளின் மேலோட்டில் பெரும் துண்டைப் பிய்த்து விண்வெளிக்குத் தூக்கி, அங்கே வைத்து உடைத்து உலோகம் எடுக்கிறது. கண்ணுக்கு அபாரமான காட்சி. சுரங்கக் கருவிகளையே ஆயுதமாக்கிப் போராடும் பொறியாளர் ஐசக் கிளார்க்கும் மறக்க முடியாத பாத்திரம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூமி போன்ற கோளின் ஈர்ப்பிலிருந்து ஒரு கிலோ பாறையை முற்றாக விடுவிக்க ஏறத்தாழ 62 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். தாதுவை உருக்கி ஒரு கிலோ எஃகு செய்ய ஏறத்தாழ 20 மெகாஜூல் போதும். பாறையில் பெரும்பகுதி கழிவு. அந்தக் கழிவையும் சேர்த்துத் தூக்குவதற்குப் பதில், தரையிலேயே உருக்கி உலோகத்தை மட்டும் எடுத்துப் போகலாமே. நிஜச் சுரங்கங்கள் தாதுவைக் கூடுமானவரை அதன் வாசலிலேயே பிரித்தெடுப்பது இதனால்தான்.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அவ்வளவு ஆற்றலைக் கையில் வைத்திருக்கும் சமூகத்துக்கு, அந்தக் கதை சொல்லும் உலோகப் பஞ்சம் எப்படி வரும்? பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 8 சதவீதம் அலுமினியம், சுமார் 5 சதவீதம் இரும்பு. காலடியில் கிடக்கும் சாதாரணக் கல்லிலிருந்தே அவற்றைப் பிரித்தெடுக்க நமக்குத் தடையாக இருப்பது ஆற்றலின் விலைதான். அந்த விலை ஒரு பொருட்டாக இல்லாதவர்களுக்கு எந்தக் கல்லும் தாதுவே. பஞ்சம் ஏன் என்று விளங்காதபோது, அந்தக் கப்பலில் மனிதர்கள் ஏன் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பதும் விளங்காமல் போகிறது.

விண்வெளிச் சுரங்கத்தின் நிஜக் கணக்கு இன்னும் கடுமையானது. ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம் ரியுகு என்ற சிறுகோளிலிருந்து 2020 டிசம்பரில் பூமிக்குக் கொண்டுவந்தது 5.4 கிராம். நாசாவின் ஓசிரிஸ்-ரெக்ஸ் பெனு சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் கொண்டுவந்தது 121.6 கிராம், செலவு நூறு கோடி டாலருக்கு மேல். அவை ஆய்வுக்காகப் போனவை, வியாபாரத்துக்கு அல்ல. ஆனாலும் அமெரிக்கா 2015லும் லக்சம்பர்க் 2017லும் விண்ணில் எடுத்த பொருளுக்கு எடுத்தவரே சொந்தக்காரர் என்று சட்டம் இயற்றிவிட்டன. தோண்டப் போகிறவர்களின் கூலியைப் பற்றிய பேச்சு அந்தச் சொத்துரிமைப் பேச்சில் பின்தங்கிக் கிடக்கிறது. அதை முன்னால் கொண்டுவந்து வைப்பவை இந்த விளையாட்டுகள்தான் என்பதால், இவற்றின் தர்க்கத்தைக் கறாராகப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

அந்தக் கறாரோடு பார்த்தால் 'டீப் ராக் கேலக்டிக்'கின் உண்மையான குறை மருத்துவ அறையில் இருக்கிறது. நால்வரும் விழுந்து பயணம் தோற்றால், அடுத்த கணம் மருத்துவமனை அங்கியோடு நிலையத்தில் எழுந்து நிற்கிறார்கள். யார் தூக்கி வந்தார்கள், அந்தச் செலவு யார் பெயரில் எழுதப்பட்டது என்ற பேச்சே இல்லை. தோட்டாவுக்கு 80 நைட்ரா கேட்ட அதே கம்பெனி, உயிரை மட்டும் இலவசமாக மீட்டுத் தருகிறது. ஐந்து நிமிடக் கெடுவின் கூர்மையை இது மழுங்கடிக்கிறது.

வான்கூவரின் பிளாக்பேர்ட் இன்டராக்டிவ் 2022ல் முழுமையாக வெளியிட்ட 'ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர்' இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. பழைய விண்கப்பல்களை உடைக்கும் தொழிலாளி அதில் 120 கோடிக்கும் மேற்பட்ட கடனோடு வேலையில் சேர்கிறார். கருவிக்கு வாடகை, மூச்சுவிடும் ஆக்ஸிஜனுக்கு விலை. வேலையில் செத்துப்போனால் கம்பெனி அவருடைய நகலை உயிர்ப்பித்து மறுபடி வேலைக்கு அனுப்புகிறது. அதற்கான செலவு அவருடைய கடனில் ஏறுகிறது. விளையாட்டுகளில் செத்தவர் மீண்டும் எழுவது வெறும் வசதி. அந்த வசதியை ஒரு ரசீதாக மாற்றிய இடத்தில் ஷிப்பிரேக்கர் உயர்ந்து நிற்கிறது. சாவுகூடத் தன்னைக் கடனிலிருந்து விடுவிக்காது என்பதை அந்தத் தொழிலாளி சொல்லாமலே விளையாடுபவர் புரிந்துகொள்கிறார். கதை பிறகு தொழிற்சங்கத்தை நோக்கிப் போவதும் அதனால் இயல்பாகிறது.

ஹாக்ஸஸின் குள்ளர்களுக்குச் சங்கம் இல்லை. ஆனால் கம்பெனியின் புத்தகத்தில் இடம்பெறாத ஒன்றை அவர்கள் செய்கிறார்கள். டொரெட்டா பயணத்தின் முடிவில் அந்தத் துளையிடும் வண்டி நொறுங்கிக் கிடக்கும். அதை மீட்டுவரும்படி யாரும் கேட்பதில்லை. வேலைப் பட்டியலில் அது கிடையாது. ஆனாலும் அதன் தலைப்பகுதியை உடைத்து எடுத்துத் தூக்கிப் போக முடியும். தூக்கிப் போகிறவரின் இரண்டு கைகளும் அதிலேயே போய்விடும், சுட முடியாது. உலகெங்கும் இதை விளையாடுகிறவர்கள், ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள், இதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஒருவர் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடுவார். மற்ற மூவரும் அவரைச் சுற்றி நின்று சுடுவார்கள். பாறை விளிம்பு குறுக்கிட்டால் தலையை மேலே வீசி, ஏறி, மறுபடி எடுத்துக்கொள்வார்கள். நான்கு நிமிடம் கடந்திருக்கும். மோலி எப்போதோ கலத்தை அடைந்திருக்கும்.