பட்டச் சான்றிதழில் எழுதப்படாத வேலைகள்

வடக்கில் விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஒருவருக்கு முன்னால் மூன்று வாசல்கள்தான் இருப்பதாக வீட்டாரும் ஊராரும் நினைக்கிறார்கள். முதலாம் வகுப்புச் சித்தி என்றால் பல்கலைக்கழகத்திலேயே தற்காலிக உதவி விரிவுரையாளர். இல்லாவிட்டால் பாடசாலை ஆசிரியர். அதுவும் வாய்க்காவிட்டால் அரசாங்கம் எப்போதாவது பட்டதாரி நியமனம் தரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணம் கச்சேரிக்கு முன்னாலும் மட்டக்களப்பிலும் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததைப் பார்த்திருக்கிறோம். 2020இல் நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பலர் பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஆனார்கள். கலைப்பட்டதாரியும் விஞ்ஞானப் பட்டதாரியும் ஒரே மேசையில், ஒரே படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

என் சினேகிதி ஒருத்தி அந்த மேசைகளில் ஒன்றில் இருக்கிறாள். 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்துகொண்டு உயர்தரப் பரீட்சை எழுதியவள். இரசாயனவியலில் விசேட பட்டம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. இன்று ஒரு பிரதேச செயலகத்தில் அஸ்வெசும மேன்முறையீடுகளைக் கோவைப்படுத்துகிறாள். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளின் அடுப்பு அந்தக் கோவைகளில்தான் தங்கியிருக்கிறது. ஆனால் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது நடந்ததாக அவள் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

“உங்கள் இறுதியாண்டு ஆய்வில் நீங்கள் செய்தது என்ன?” என்று கேட்டிருக்கிறார்கள். அவள் ஆய்வின் தலைப்பைச் சொல்லியிருக்கிறாள். பனங்கொட்டைக் கரியால் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றியது அது. பிறகு மௌனம். உண்மையில் அந்த ஒரு வருடத்தில் அவள் செய்த வேலைகளை எண்ணினால் விரல் போதாது. பழுதாகிக் கிடந்த கருவிக்குப் பதிலாக இன்னொரு பீடத்தில் பேசி நேரம் வாங்கினாள். இருந்த கொஞ்சப் பணத்துக்குள் இரசாயனங்களை வரிசைப்படுத்தி வாங்கினாள். மின்சாரம் தடைப்பட்ட நாட்களின் அளவீடுகளை எந்த அடிப்படையில் ஒதுக்குவது என்று முடிவெடுத்து, அந்த முடிவை மேற்பார்வையாளருக்கு முன்னால் நியாயப்படுத்தினாள். பண முகாமை, பேச்சுவார்த்தை, தரவுகளின் தரக்கட்டுப்பாடு என்று வேலைச்சந்தை பெயர் வைத்திருக்கும் திறன்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. அவை திறன்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுடைய சுயவிபரக்கோவையில் பட்டத்தின் பெயரும் சித்தியின் தரமும் மாத்திரமே இருந்தன.

இது எங்கள் ஊருக்கு மட்டுமான சிக்கல் அல்ல. பிரித்தானியாவின் ரோயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட அறிக்கையொன்றில் ஒரு படம் இருந்தது. அறிவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்களில் 53 வீதமானோர் அறிவியலுக்கு வெளியே உள்ள தொழில்களுக்குப் போய்விடுவதாகவும், நிரந்தரப் பல்கலைக்கழக ஆய்வாளர் இடத்தை எட்டுபவர்கள் 3.5 வீதம், பேராசிரியர் ஆகுபவர்கள் 0.45 வீதம் என்றும் அந்தப் படம் காட்டியது. ஆய்வுக்கு அள்ளிக் கொட்டும் நாடொன்றின் நிலை அது. ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதமளவையே செலவிடும் இலங்கையில், பல்கலைக்கழகத்துக்குள் கிடைக்கும் கதிரைகள் எத்தனை என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அந்த நாடுகளில் ஆய்வு மாணவர்களுக்கு எழுத்து, முன்வைப்பு, திட்ட முகாமை, தொழில் திட்டமிடல் ஆகியவற்றைப் பட்டத்தோடு சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார்கள். ஒரு கலாநிதி ஆய்வை மூன்று நிமிடத்தில், எவருக்கும் விளங்கும்படி சொல்லும் போட்டியை 2008இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அது உலகமெங்கும் நடக்கிறது.

எங்களிடம் ஒரு காலத்தில் இதைக் கற்றுக்கொடுத்த இடங்கள் வேறு. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் ஆனையிறவு உப்பளமும் இருந்தன. ஒரு இளம் இரசாயனவியலாளர் அங்கே போய், மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் நின்று, அறிக்கை எழுதவும், தொழிலாளரோடு பேசவும், ஒரு பிழையான அளவீட்டை மேலிடத்துக்கு எப்படிச் சொல்வது என்பதையும் பழகிக்கொண்டார். பரந்தன் 1980களின் நடுப்பகுதியிலும் காங்கேசன்துறை 1990இலும் நின்றுபோயின. இயந்திரங்கள் போனதை எல்லோரும் பேசுகிறோம். அங்கே கைமாறிக்கொண்டிருந்த தொழிற்பழக்கம் அறுந்துபோனதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2025 மார்ச்சில் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை மீளத் திறக்கப்பட்டது. அறுந்த பழக்கத்தைத் திறப்பு விழா வைத்துத் திறக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். “வேலை இல்லாததற்குக் காரணம் பட்டதாரிகளிடம் மென்திறன் இல்லாததே” என்று அமைச்சர்களும் கம்பனிக்காரரும் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வசதியான வாதம். தொழிற்சாலை இல்லாத மாகாணத்தில், காணியில் பாதுகாப்புத் தரப்பு நிற்கும் மாகாணத்தில், திறன் பயிற்சி வேலையை உருவாக்கிவிடாது. அந்தப் பொறுப்பு அரசினுடையது. ஆகவே இந்தத் திறன்களை வேலை தேடுவதற்கான அலங்காரமாக நான் பார்க்கவில்லை. அவை இல்லாவிட்டால் விஞ்ஞானமே பாதியில் நின்றுவிடுகிறது. அப்படி நின்ற இரண்டு சந்தர்ப்பங்களின் விலையை எங்கள் மக்கள் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்று சுன்னாகம். வற்றாத ஆறு எதுவும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. அதுவும் சுண்ணாம்புக் கற்பாறை. ஒரு இடத்தில் ஊற்றியது எங்கே வெளிவரும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று மக்கள் சொன்னபோது, ஒன்றுக்கு மேற்பட்ட தரப்புகள் நீரைப் பரிசோதித்தன. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் பல கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பதாகக் காட்டின. வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான நச்சுப் பொருட்கள் காணப்படவில்லை என்ற திசையில் அறிக்கை தந்தது.

இரண்டு அறிக்கைகளும் ஒன்றையொன்று மறுப்பதாகவே ஊர் எடுத்துக்கொண்டது. எண்ணெயும் கிறீசும் ஒரு அளவீடு. பார உலோகங்கள் இன்னொரு அளவீடு. பென்சீன் போன்ற சேர்வைகள் மூன்றாவது. ஒன்று இல்லை என்றால் மற்றதும் இல்லை என்று ஆகாது. எந்த மாதம், எத்தனை ஆழத்தில், எந்தக் கிணற்றில் மாதிரி எடுத்தார்கள் என்பதும் முடிவை மாற்றும். இதை ஒரு பக்கத்தில், தமிழில், “இந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாமா, குளிக்கலாமா, பயிருக்கு விடலாமா” என்ற மூன்று கேள்விக்கும் பதிலாக எழுதிக் கையில் கொடுத்திருந்தால், 2015இன் தொடக்கத்தில் தெருவில் இறங்கிய மக்களுக்குக் கோபம் இருந்திருக்கும், குழப்பம் இருந்திருக்காது. கடைசியில் கிணறுகள் மாசடைந்ததை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டி வந்தது. நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. இடைப்பட்ட காலத்தில் விஞ்ஞானிகள் அரசியல்வாதிகளின் பக்கத்தில் நிற்பவர்கள் என்ற எண்ணம் ஊரில் ஆழமாக ஊன்றிவிட்டது. அது எளிதில் போகாது.

இரண்டாவது மன்னார். 2018இல் சதொச கட்டடத்துக்காக நிலம் வெட்டியபோது வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. தெரிவுசெய்யப்பட்ட சில மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்குக் காபன் காலக்கணிப்புக்காக அனுப்பப்பட்டன. 2019இல் முடிவு வந்தது: 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலம். பல வருடங்களாகப் பிள்ளைகளின் படங்களைத் தாங்கி நின்ற தாய்மாருக்கு அது ஒரு செய்தித் தலைப்பாகவே போய்ச் சேர்ந்தது. நானும் அப்போது அதைத் தலைப்பாகத்தான் வாசித்தேன்.

அந்த முறையைச் சாதாரண வார்த்தையில் விளக்குவது அவ்வளவு கடினம் அல்ல. உயிரோடு இருக்கும்வரை உடலில் சேரும் ஒருவகைக் காபன், இறந்த பின் குறைந்துகொண்டே போகிறது. ஏறத்தாழ 5,730 வருடத்தில் பாதியாகிறது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகள் காற்றில் அந்தக் காபனின் அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கின. எனவே அதற்குப் பின் வாழ்ந்து 1990இல் இறந்த ஒருவரின் எலும்பு, நூற்றாண்டுகளுக்கு முன் இறந்தவரின் எலும்பைப் போலக் காட்டாது. இது முடிவுக்குச் சார்பான விளக்கம். அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. சோதித்த மாதிரிகளுக்கே அந்தக் காலம் பொருந்தும். குழியில் இருந்த மற்றவர்களைப் பற்றி, அவர்கள் எந்தப் படையில், எதனோடு சேர்ந்து கிடந்தார்கள் என்ற பதிவு இல்லாமல், அந்த எண் ஒன்றும் பேசாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு தமிழ் விஞ்ஞானி அன்று அந்தத் தாய்மாருக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

இப்போது செம்மணி. 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக்காக வெட்டிய இடத்தில் தொடங்கிய அகழ்வு, நீதிமன்ற மேற்பார்வையில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளை வெளிக்கொண்டு வந்தது. ஓகஸ்டில் உடைகளும் பொருட்களும் அடையாளம் காண்பதற்காகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன. அவற்றில் ஒரு பிள்ளையின் புத்தகப்பையும் இருந்தது. இந்தப் பணியில் எலும்பியல் அறிவு எவ்வளவு தேவையோ, அதே அளவு தேவை ஒரு மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நேரத்தில், எந்த முத்திரையோடு போனது என்று எழுதிவைக்கும் ஒழுங்கு. நீதவான் கேட்கும் கேள்விக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று நிறுத்தும் பழக்கம். பார்க்க வந்த தாய் “இது என்ர பிள்ளையின்ர சட்டைதானே” என்று கேட்டால் பொய் நம்பிக்கையும் கொடுக்காமல், முகத்தையும் திருப்பாமல் பேசத் தெரிவது. எந்தப் பட்டப்படிப்பில் இதற்குப் பாடம் இருக்கிறது?

காகிதத்தில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகம் பட்டதாரி ஒருவர் பெற வேண்டிய பேறுகளைப் பன்னிரண்டு வகையாகப் பிரிக்கிறது. தொடர்பாடல், குழுவேலை, தகவலைக் கையாளல், வாண்மைத்துவம் எல்லாம் அதில் உண்டு. பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகுகளும் உண்டு. நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு நாள் பட்டறை: கழுத்துப்பட்டி கட்டுவது, கைகுலுக்குவது, ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்துவது. ஆங்கிலம் முக்கியம், மறுக்கவில்லை. உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு முதல் வருடத்திலேயே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளை இரட்டைப் பாரம் சுமக்கிறது. வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும் ஒரு மின்னஞ்சலில் கலாநிதிப் புலமைப்பரிசில் கிடைப்பதும் போவதும் தங்கியிருக்கிறது. அண்ணாவோ மாமாவோ கொழும்பிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைக்கு அந்த மின்னஞ்சலைத் திருத்திக் கொடுக்க ஆள் உண்டு. முகாமிலிருந்து வந்த பிள்ளைக்கு இல்லை. கற்பிக்காமல் விடப்படும் எந்தத் திறனும் வசதி உள்ள வீட்டுக்கே போய்ச் சேர்கிறது. இதனால்தான் இது எனக்கு நீதி பற்றிய பிரச்சினையாகத் தெரிகிறது.

பல்கலைக்கழகத்துக்குள் தங்கிவிட்டவர்களும் தப்பவில்லை. வெளிநாட்டில் கலாநிதி முடித்துத் திரும்பும் இளம் விரிவுரையாளர் அடுத்த நாளே பெறுகைக் குழுவில் உட்கார்கிறார், நாலு மாணவரை மேற்பார்வை செய்கிறார், நிதிக்கு விண்ணப்பம் எழுதுகிறார். ஒன்றுக்கும் பயிற்சி இல்லை. தன்னை மேற்பார்வை செய்தவர் எப்படி நடத்தினாரோ அப்படியே தன் மாணவரை நடத்துகிறார். நல்லவர் வாய்த்திருந்தால் மாணவருக்கு அதிர்ஷ்டம்.

பெரிய செலவு தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இறுதியாண்டு ஆய்வறிக்கையோடு, அதே ஆய்வு யாருடைய காணியில், யாருடைய கிணற்றில், யாருடைய வாடியில் நடந்ததோ அவர்களுக்கு ஒரு பக்கத் தமிழ் அறிக்கையும் எழுத வேண்டும், அதற்கும் புள்ளி உண்டு என்று பீடம் தீர்மானித்தால் போதும். எழுத்து, மொழிபெயர்ப்பு, முகத்துக்கு முகம் விளக்குவது, பொறுப்பேற்பது எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும்.

கடந்த வருடம் விஞ்ஞான மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி ஒன்று நடத்த என்னைக் கூப்பிட்டபோது இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தேன். உங்கள் ஆய்வை ஐந்து வரியில், ஆய்வுக்கு இடம் தந்தவருக்கு எழுதுங்கள் என்றேன். முதல் அரை மணித்தியாலம் ஒருவருக்கும் ஓடவில்லை. “நைத்திரேற்றுச் செறிவு நியமப் பெறுமானத்தை விஞ்சியுள்ளது” என்று தொடங்கிய ஒரு மாணவி அதை மூன்று தரம் வெட்டினாள். நாலாம் தரம் எழுதியது இது: “அம்மா, உங்கட கிணற்றுத் தண்ணீரில கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டாம். கொதிக்க வைச்சாலும் இது போகாது. வேற தண்ணீர் எடுங்கோ.”

இதை அந்த அம்மாவிடம் கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லை மிஸ், சப்மிட் பண்ணினதோட முடிஞ்சுது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பேரும் விலாசமும் கொப்பியில் இருக்கிறது, நாற்பது வீடு என்றாள்.