லைசென்ஸ் இருக்கு... ஆனா பார்டர் தாண்டினா? காரில் துப்பாக்கியோட வேற மாநிலம் போறவங்க கவனத்துக்கு!

"தம்பி, துப்பாக்கி என் பேர்ல இருக்கு. லைசென்ஸும் என் பேர்லதான். கார் என் பையனோடது. பெங்களூரு வரைக்கும் எடுத்துட்டுப் போறதுல என்னப்பா பிரச்சினை?"

போன வாரம் போன் பண்ணிக் கேட்டவர் என் நண்பனோட அப்பா. ஆரணிக்காரர், முன்னாள் ராணுவ வீரர். கையில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி, அதுக்கு முறையான உரிமம். பெங்களூருவில் ஒரு நகைக்கடையில் காவலர் வேலை கிடைக்கும் போல இருக்கு, "சொந்தத் துப்பாக்கி வெச்சிருக்கறவங்களுக்கு முன்னுரிமை"ன்னு சொல்லியிருக்காங்க. அவ்ளோதான் விஷயம். அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் தெரியல. "பார்த்துட்டுச் சொல்றேன்ப்பா"ன்னு வெச்சுட்டேன். பார்த்த பிறகு முதல்ல சொன்னது, "அப்பா, பெட்டியைக் காரில் ஏத்தாதீங்க. உரிமத்தை எடுத்து, எந்தப் பகுதிக்குச் செல்லும்னு போட்டிருக்குன்னு படிங்க."

ஆரணின்னா எல்லாருக்கும் பட்டுதான் ஞாபகம் வரும். ஆனா கண்ணமங்கலம், கணியம்பாடின்னு வேலூர் வரைக்கும் இருக்குற இந்தப் பகுதியில ராணுவத்துக்குப் போய் வந்தவங்க நிறைய பேர். பக்கத்துல கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை'ன்னே பேர். ஓய்வுக்கு அப்புறம் வங்கி, நகைக்கடை, பணம் ஏத்திப் போற வேன்னு துப்பாக்கியோட காவல் வேலைக்குப் போறது இவங்களுக்கு ஒரு பிழைப்பு. அதனால இது ஏதோ பணக்காரங்க கேள்வின்னு தள்ளிவிட முடியாது.

டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இல்ல

ஆரணியில் எடுத்த ஓட்டுநர் உரிமத்தை வெச்சு காஷ்மீர் வரைக்கும் வண்டி ஓட்டலாம். துப்பாக்கி உரிமம் அப்படி இல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ல் வந்த ஆயுத விதிகளும்தான் இதுக்கு அடிப்படை. ஒவ்வொரு உரிமத்துலயும் அது எந்தப் பகுதிக்குள் செல்லும்னு எழுதியிருக்கும். சிலருக்கு மாவட்டம், சிலருக்கு மாநிலம் முழுக்க, ரொம்பக் கொஞ்சம் பேருக்கு இந்தியா முழுக்க.

தமிழ்நாடுன்னு மட்டும் எழுதியிருந்தா, ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் கார் நுழைஞ்ச அந்த நிமிஷத்துல இருந்து அந்தத் துப்பாக்கிக்கு உரிமத்தோட பாதுகாப்பு இல்ல. துப்பாக்கி மாறல, ஆள் மாறல, மாநிலம் மட்டும்தான் மாறியிருக்கு.

இதுல ஆரணிக்காரங்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. இங்கிருந்து பெங்களூரு போக ரெண்டு வழி. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர்னு போனா தமிழ்நாடு, கர்நாடகான்னு ரெண்டு மாநிலம். காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் வழியா சித்தூர், முல்பாகல், கோலார்னு போனா நடுவுல ஆந்திராவும் சேர்ந்துடும். கூகுள் மேப் எது சீக்கிரம்னு மட்டும்தான் சொல்லும். உங்க உரிமத்துல கர்நாடகா இருந்து ஆந்திரா இல்லன்னா, அந்தச் சித்தூர் ரோடு உங்களுக்கான ரோடு இல்ல. (1911 வரைக்கும் ஆரணியும் சித்தூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். தலைநகரமே சித்தூர்தான். அந்தக் காலத்து ஆளுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது.)

பிடிபட்டா என்ன ஆகும்?

இங்கதான் விஷயம் சீரியஸ். உரிமத்தோட நிபந்தனையை மீறினார்னு மட்டும் பார்த்தா அது ஆயுதச் சட்டம் 30-வது பிரிவு. அதிகபட்சம் 6 மாதம் சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஆனா 'இந்தப் பகுதிக்கு உரிமமே இல்ல, அதனால உரிமம் இல்லாத துப்பாக்கி'ன்னு 25-வது பிரிவில் வழக்குப் போட்டா கதையே வேற. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அதுக்குக் குறைந்தபட்சமே 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு, கூடவே அபராதம். அதுக்கு முன்னாடி இது 1 முதல் 3 ஆண்டா இருந்தது. 2 ஆண்டுக்குக் கீழே குறைக்கணும்னா நீதிபதி அதுக்கான சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதணும்.

ரெண்டுல எந்தப் பிரிவு பொருந்தும்னு கோர்ட்டில் வக்கீல் வாதாடலாம். ஆனா அந்த வாதம் நடக்குறதுக்கு முன்னாடியே கைது, ஜாமீன், துப்பாக்கி பறிமுதல், வாய்தா எல்லாம் வந்துடும். அறுபது வயசை நெருங்குற ஒருத்தர் மாசம் ஒரு தடவை கோலார் கோர்ட்டுக்கு அலையறதை யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு பிரிவு பலருக்கும் தெரியாது. 20-வது பிரிவு. துப்பாக்கியைக் கொண்டு போற விதமோ சூழ்நிலையோ, தப்பான காரியத்துக்குத்தான் போகுதுன்னு நியாயமான சந்தேகம் கொடுத்தா, வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். 'உரிமம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி' என்ற அர்த்தத்திலேயே சட்டம் பேசுது. சீட்டுக்கு அடியில் துணியில் சுத்தி ஒளிச்சு வெச்சா போலீஸ் பார்வையில் அது பாதுகாப்பு கிடையாது. மறைக்கிறதாத்தான் தெரியும்.

சரி, எப்படித்தான் கொண்டு போறது?

முதல்ல காகிதம். போக வேண்டிய மாநிலமும், நடுவுல வர்ற மாநிலமும் உரிமத்துல இருக்கணும். இல்லன்னா பகுதியை விரிவாக்கச் சொல்லி விண்ணப்பிக்கணும். ஆரணிக்காரங்களுக்கு உரிமம் தர்ற அதிகாரி திருவண்ணாமலை கலெக்டர். சென்னையில் இருந்தா போலீஸ் கமிஷனர். தமிழ்நாட்டைத் தாண்டிய அனுமதின்னா அது கலெக்டர் மேஜையோட முடியாது, மேலே போகும். போலீஸ் அறிக்கை வரணும். அதனால 'திங்கக்கிழமை வேலைல சேரணும், சனிக்கிழமை அப்ளை பண்றேன்'னு கிளம்பினா நடக்காது. ஒரு பயணத்துக்கு மட்டும் தற்காலிகமா உரிமம் கொடுக்கவும் விதிகளில் இடம் இருக்கு. ஒருமுறை போய் வர்றவங்க அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

உரிமம் எதுக்காகக் கொடுக்கப்பட்டதுங்கறதையும் படிங்க. தற்காப்புக்குன்னு வாங்கின துப்பாக்கியோட இன்னொருத்தர் கடை வாசல்ல சம்பளத்துக்கு நிக்கறது வேற விஷயம். அதைக் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்துல கேட்டு, எழுத்துலயே பதில் வாங்கிக்கறது நல்லது. 'சொந்தத் துப்பாக்கி கொண்டு வா'ன்னு சொல்ற கடைக்காரர் வழக்கு வந்தா கூட நிக்க மாட்டார். 2021-ல் கேரளாவில் பணம் கொண்டு போற வேன்களுக்குக் காவலா இருந்த காஷ்மீர் ஆட்கள், போலி உரிமத்தோட துப்பாக்கி வெச்சிருந்ததா கைது ஆனாங்க. அதுக்கப்புறம் வெளிமாநில உரிமத்தைப் பார்த்தாலே ஒருமுறைக்கு ரெண்டு முறை சரிபார்க்கறது இயல்புதானே.

யூ.ஐ.என்னு சொல்ற தனி அடையாள எண் உங்க உரிமத்துல இருக்கான்னும் பாருங்க. அது இல்லாத பழைய புத்தகம் செல்லாது. ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வெச்சுக்க முடியாது, 2019 வரைக்கும் மூணு இருந்தது. உரிமம் இப்போ 5 ஆண்டுக்குச் செல்லும். அசலைக் கையிலயே வெச்சுக்கங்க. போலீஸ் கேட்டா காட்டணும்னு 19-வது பிரிவு சொல்லுது. வாட்ஸ்அப்பில் இருக்குற போட்டோவை நம்பிக் கிளம்பாதீங்க.

அடுத்து, காருக்குள்ள எப்படி வைக்கறதுன்னு பார்க்கலாம். பொது இடத்தில் கொண்டு போகும்போது துப்பாக்கி அதுக்கான உறையில் முழுசா மூடியிருக்கணும், உரிமக்காரர் கட்டுப்பாட்டுல இருக்கணும்னு 2016 விதிகள் சொல்லுது. தோட்டாவைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைக்கறதுதான் பாதுகாப்பு. உரிமத்துல எழுதியிருக்கற எண்ணிக்கைக்கு மேல ஒரு தோட்டா கூட வேண்டாம். 'கட்டுப்பாட்டுல'ங்கற வார்த்தையை லேசா எடுத்துக்காதீங்க. ஆம்பூர்ல பிரியாணிக்கு வண்டியை நிறுத்திட்டு, துப்பாக்கியை டிக்கியில் விட்டுட்டு எல்லாரும் ஓட்டலுக்குள்ள போயிட்டா அது யார் கட்டுப்பாட்டுல இருக்கு? ஒருத்தர் பார்சல் வாங்கி வரட்டும், உரிமக்காரர் வண்டியிலயே இருக்கட்டும்.

பையனோ டிரைவரோ தனியா எடுத்துட்டுப் போகலாமா? பொதுவா கூடாது. ஆனா சட்டமே ஒரு விலக்கு தருது. ரிப்பேருக்கோ, உரிமம் புதுப்பிக்கவோ, உரிமக்காரர் பயன்படுத்துறதுக்காகவோ, அவர் கூட இருக்கும்போதோ அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடயோ இன்னொருத்தர் கொண்டு போகலாம். 'அப்பா போன்ல சொன்னாரு'ங்கறது கடிதம் ஆகாது.

திருவிழா, ஊர்வலம், கூட்டம், கல்வி நிறுவன வளாகம் இதுக்குள்ள கொண்டு போகக் கூடாதுங்கறதும் உரிமத்தோட நிபந்தனைதான். கார்த்திகை தீபத்தன்னிக்கு திருவண்ணாமலை வழியா போறவங்க யோசிக்கணும். 'போற வழிதானே, அப்படியே திருப்பதி போயிட்டு வந்துடலாம்'னு நினைச்சா அலிபிரி சோதனைச் சாவடியிலயே நிக்க வேண்டியதுதான்.

பெங்களூருவுல 30 நாளுக்கு மேல துப்பாக்கியோட தங்கப் போறீங்கன்னா இன்னொரு வேலை இருக்கு. போன 30 நாளுக்குள்ள அங்க இருக்கற உரிம அதிகாரிக்கும், இங்க உரிமம் கொடுத்தவருக்கும் தகவல் எழுதணும்.

தேர்தல் வந்தா எல்லாமே மாறும்

மேலே சொன்னது எல்லாம் சாதாரண நாளுக்கு. தேர்தல் தேதி அறிவிச்சதும், உரிமத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். 2024 மக்களவைத் தேர்தல்ல மார்ச் 16-ல் நடத்தை விதி வந்தது. ஆரணி தொகுதி உட்பட தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19-லயே வாக்குப்பதிவு முடிஞ்சாலும் முடிவு வந்தது ஜூன் 4. கணக்குப் போட்டா 80 நாள். துப்பாக்கியை வெச்சு சம்பளம் வாங்கறவருக்கு இது ரெண்டரை மாசச் சோறு. வங்கிக் காவலர்கள் மாதிரி வேலைக்கு அவசியமானவங்களுக்கு விலக்கு கேட்க வழி இருக்கு. மாவட்ட அளவில் ஒரு ஆய்வுக் குழு அதைப் பரிசீலிக்கும். 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, எல்லாரையும் மொத்தமா ஒப்படைக்கச் சொல்லக் கூடாது, தனித்தனியா காரணம் சொல்லணும்னு உத்தரவிட்டது. அது உத்தரப் பிரதேச வழக்கு. ஆனா நம்ம ஊர்ல விலக்கு கேட்டு மனு எழுதறவங்களும் எடுத்துக் காட்டலாம்.

ஆரணி பட்டு வியாபாரிங்களுக்கு அந்தச் சீசன் நல்லாவே தெரியும். ஆவணம் இல்லாம 50,000 ரூபாய்க்கு மேல பணம் கொண்டு போனா பறக்கும் படை நிறுத்தும். அதே பறக்கும் படைதான் டிக்கியில் இருக்கற நீளமான பையையும் திறக்கச் சொல்லும்.

எல்லை தாண்டினதால நாலு வருஷம் போனவங்க

எல்லைங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு தூத்துக்குடி நல்லா பார்த்திருக்கு. 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹியோ'ங்கற கப்பலை கடலோரக் காவல் படை பிடிச்சது. கடற்கொள்ளையரிடம் இருந்து வணிகக் கப்பல்களைக் காக்கற தனியார் காவலர்கள் அதுல இருந்தாங்க. 35 துப்பாக்கி, 5,680 தோட்டா. கப்பல் ஊழியர் 10 பேர், காவலர் 25 பேர், மொத்தம் 35 பேர் மேல வழக்கு. அந்தத் துப்பாக்கிக்குக் காகிதம் இருக்குன்னு கம்பெனி சொன்னது. ஆனா இந்தியக் கடல் எல்லைக்குள்ள இருக்க இந்திய அனுமதி எங்கங்கறதுதான் கேள்வி. 2016 ஜனவரியில் தூத்துக்குடி கோர்ட் எல்லாருக்கும் 5 ஆண்டு சிறை கொடுத்தது. 2017 நவம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை எல்லாரையும் விடுதலை செஞ்சது. விடுதலைதான், ஆனா அவங்க வாழ்க்கையில் நாலு வருஷம் போயிடுச்சு.

அமெரிக்காவில் சொந்தக்காரங்க இருக்கறவங்க, 'அங்கெல்லாம் சாதாரணமா கார்ல வெச்சுட்டுப் போறாங்களே'ன்னு கேட்பாங்க. அங்க 1986-ல் ஒரு கூட்டரசுச் சட்டம் வந்தது. கிளம்பற இடத்துலயும் சேர்ற இடத்துலயும் துப்பாக்கி வெச்சிருக்க அனுமதி இருந்தா, நடுவுல இருக்கற மாநிலம் தடுக்கக் கூடாது. தோட்டா ஏத்தக் கூடாது, கைக்கு எட்டற இடத்துல இருக்கக் கூடாது. அங்கயும் மாட்டிக்கிட்டவங்க உண்டு. 2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒருத்தர் நெவார்க்கில் இணைப்பு விமானத்தை விட்டுட்டார். பெட்டியோட ஒரு ராத்திரி ஓட்டலில் தங்கினார். மறுநாள் ஏர்போர்ட்டில் அவரே துப்பாக்கி இருக்குன்னு சொன்னதும் நியூஜெர்சி போலீஸ் கைது செஞ்சது. போலீஸ் மேல அவர் போட்ட வழக்கு 2010-ல் தோத்துடுச்சு. ஓட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டற மாதிரி இருந்ததால அந்தச் சட்டத்தோட பாதுகாப்பு இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு.

நம்ம ஊர்ல அந்த மாதிரி நடுவழிப் பாதுகாப்பு தர்ற சட்டப்பிரிவு கிடையாது. உரிமத்துல அந்த மாநிலம் எழுதியிருந்தாதான் பாதுகாப்பு.

நண்பனோட அப்பா அன்னிக்கு ராத்திரியே உரிமத்தோட போட்டோ அனுப்பினார். 'தமிழ்நாடு'ன்னு மட்டும்தான் இருந்தது. இப்போ திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிட்டு இருக்கார். நகைக்கடைக்காரர்கிட்ட, "வர்றேன் சார், துப்பாக்கி பின்னாடி வரும்"னு சொல்லியிருக்காராம்.