தீபாவளிப் படங்களும் தோட்டத்துத் தமிழரும்

2025-ம் ஆண்டுத் தீபாவளியை யொட்டி, அக்டோபர் 17-ந் தேதி "டியூட்", "பைசன்", "டீசல்" என்னும் மூன்று தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. சிரம்பான் நகரத்தாராயினும், ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டத்தாராயினும், தீபாவளி யென்றால் நம்மவர்க்குப் புத்தாடைக்கு அடுத்தது புதுப்படமே. அதைக் குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் உழைப்பவனுக்கு ஒரு நாள் களிப்பு வேண்டாமா? வேண்டும். ஆனால், காசைக் கொடுத்து நாம் வாங்கிவருவது யாது என்று ஒரு முறையேனும் கேட்டோமா? அதுவே நமது கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் சொச்சம். ஐவர் கொண்ட குடும்பம் வண்டியேறிப் பட்டணம் போய்ப் படம் பார்த்துத் திரும்பினால் அந்தக் கூலியில் மிஞ்சுவதென்ன? சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்கும் நாம், படத்தை மட்டும் சுவரொட்டியிலுள்ள முகத்தைப் பார்த்தே வாங்குகிறோம்!

அந்த முகம் நமக்குக் கற்பிப்பதென்ன? 2021-ம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த "அண்ணாத்த"வை எடுத்துக்கொள்வோம். தங்கைக்குக் கல்கத்தாவில் இடுக்கண். அண்ணன் ஒருவனே சென்று, அவளுக்கும் தெரியாமல், பகைவர் கூட்டத்தை அடித்து நொறுக்குகிறான். சட்டம் வேண்டாம், சங்கம் வேண்டாம், அவளுடைய அறிவும் துணிவுங்கூட வேண்டாம்! அதே வாரத்தில், கொட்டகைக்கு வராமல் இணையவழி வீடுகளுக்கு வந்தது "ஜெய் பீம்". அதில் செங்கேணி என்னும் இருளர் பெண், காணாமற்போன கணவனைத் தேடி நீதிமன்றத்தின் படியேறுகிறாள். வழக்கறிஞரின் துணையோடு, தன் வாயாலேயே நியாயம் கேட்கிறாள். இவ்விரண்டில் எது நம் பெண்மக்களுக்கு வழிகாட்டும்? நம் தோட்டங்களின் சரித்திரத்தில் எந்தக் கதாநாயகன் குதிரையேறி வந்து கூலியை உயர்த்தினான்? தனித்தனியே நின்ற சங்கங்கள் 1954-ல் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. பலர் கூடிக் கேட்டதனாலன்றோ கிடைத்தது கிடைத்தது!

நிற்க. "பண்டிகை நாளில் அழுகையும் உபதேசமும் எதற்கு?" என்பர் சிலர். இதற்குச் சரித்திரமே விடை கூறும். 1952-ம் ஆண்டுத் தீபாவளியன்று வெளிவந்த படம் "பராசக்தி". இரங்கூனுக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்க் குடும்பம் யுத்தத்தால் சிதறியதையும், தாயகத்தில் ஒரு பெண் பசியாலும் வஞ்சகத்தாலும் பட்ட பாட்டையும் அது நீதிமன்றத்தில் வைத்துக் கேட்டது. ஜனங்கள் ஓடிவிட்டார்களா? கூட்டங் கூட்டமாக வந்தார்கள். 2025-ன் "பைசன்" படத்திலும் வெட்டும் குத்தும் மிகுதியே. ஆயினும் சாதிப்பகை சூழ்ந்த ஊரிலிருந்து ஓர் இளைஞன் கபடி ஆடி வெளியேறத் துடிப்பதே அதன் உயிர். ஆகவே, களிப்புக்கும் கருத்துக்கும் பகையில்லை. பகையென்று சொல்வது வியாபாரிகளின் தந்திரம். அதை நம்புவது நமது சோம்பல்.

1942, 43-ம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பாதவர் எண்ணற்றோர். இரங்கூன் தமிழனுக்கு ஒரு "பராசக்தி" கிடைத்தது. நம் பாட்டன்மார் கதையை எந்தத் தீபாவளிப் படம் பேசிற்று? கேட்பாரில்லாத சரக்கை எவன் கொண்டுவருவான்!

சென்னையார் செய்யாததை இந்நாட்டுத் தமிழர் செய்தபோது நாம் என்ன செய்தோம்? 2015 டிசம்பரில், பள்ளி விடுமுறைக் காலத்தில், சஞ்சை குமார் பெருமாளின் "ஜகாட்" வெளிவந்தது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பத்துச் சிறுவன் அப்போய். படி படி யென்று அடிக்கும் தந்தை. குண்டர் கூட்டத்திலே சிற்றப்பன். இவர்கள் நம் அண்டை வீட்டாரல்லரா? 2016-ல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப்படமென்று அதை வேறாக ஒதுக்கினர். கண்டனம் எழுந்தது, மொழிப் பிரிவினை கைவிடப்பட்டது, நாட்டின் சிறந்த படமென்னும் விருது "ஜகாட்"டுக்கே கிடைத்தது. பிற இனத்தாரும் அதற்காக வாதாடினர். நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்தோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

நட்சத்திரத்தின் பதாகைக்குக் குடங்குடமாய்ப் பால் ஊற்றுவதைத் தமிழ்நாட்டிலே காண்கிறோம். இங்குள்ள நம் இளைஞரும் அக்காட்சியைக் கண்டு ஆரவாரிக்கின்றனர். இருட்டோடு எழுந்து, மரம் மரமாய்ப் பால் வெட்டி, வாளி சுமந்து பிள்ளை வளர்த்தவர்களின் பேரர் நாம். பாலின் அருமை நமக்குமா தெரியாது?

தோழர்களே! வரும் தீபாவளிக்கும் படம் பாருங்கள். ஆனால் பார்த்து வந்த மறுநாள், கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ பத்துப்பேர் கூடி அதன் நன்மை தீமையைப் பேசுங்கள், பெண்களையும் பேசவிடுங்கள். "ஜகாட்"டை ஒருநாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். இதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. கூலியை எண்ணி வாங்கும் கருத்து, கதையை வாங்கும்போதும் இருந்தால் போதும்.