வீட்டுச் செடிகளுக்கு விதை தேடுவோர் கவனத்திற்கு

வீட்டினுள் வைத்து வளர்க்கும் அழகுச் செடிகளை விதையிலிருந்தே உண்டாக்க வேண்டுமென்னும் ஆவல் பட்டணவாசிகளிடம் பெருகியிருக்கிறது. ஆவல் நல்லதே. ஆயினும், அதைக் கொண்டு பிழைக்கும் மோசடி ஒன்றும் கூடவே வளர்ந்திருப்பதால், எமது அபிப்பிராயத்தை ஒளியாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

மணி பிளாண்ட் என்று வழங்கும் கொடியின் விதை எனப் பொட்டலங்கள் தபால் மூலம் விற்பனையாகின்றன. சிலவற்றின் மேல் நீலநிற இலைகளின் படமும் உண்டு! இக்கொடி இயற்கையாகப் பூப்பது மிக அபூர்வம். பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சிப் பொருளை அது தக்கபடி உண்டாக்க இயலாததே காரணமென்று 2016-ல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டிற்று. பூவாத கொடிக்கு விதை எங்கிருந்து வரும்? கணுவோடு ஒரு துண்டை நறுக்கி ஜலத்தில் இட்டாலே வேர்விடும் செடிக்கு விதை தேடிப் பணம் செலவிடுவது வீண். இலையில் வெண்மையும் மஞ்சளும் விரவிய மற்றச் செடிகளிலும் தாயின் வர்ணம் விதை வழியே பெரும்பாலும் இறங்குவதில்லை.

விதையே தக்க வழியாயுள்ள செடிகளும் உண்டு. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட அரேகா பாம் அவற்றில் ஒன்று. கடையில் வாங்கிய தொட்டியின் மேல்மண்ணை விலக்கிப் பார்ப்போர், ஒரே புதராகத் தோன்றுவது நெருக்கி நட்ட பல நாற்றுகளே என்பதைப் பெரும்பாலும் காண்பர். இதற்குப் புதிய விதையே வேண்டும். பொட்டலத்தில் உலர்ந்து கிடந்த விதையின் முளைக்கும் சக்தி குன்றிவிடும்.

மஞ்சள் நிறமடைந்து பழுத்த கனிகளைக் கொணர்ந்து, சதையைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் ஜலத்தில் ஊறவைத்து, அடியில் துவாரமுள்ள சட்டியில் மணலும் தேங்காய் நார்த்தூளும் சமமாய்க் கலந்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம். ஈரம் மாறக்கூடாது, தேங்கவும் கூடாது. தேங்கினால் விதை அழுகும். 27 முதல் 29 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் சுமார் நான்கு வாரங்களில் முளை தோன்றும். குளிர்ந்த இடத்தில் எட்டு வாரமும் ஆகலாம். இடையில் தோண்டிப் பார்க்கும் வழக்கத்தால் கெட்ட விதைகள் அநேகம். முதலிலை நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். இதைக் களையென்று பிடுங்கிவிடலாகாது.

நாற்று பெரிய செடியாகச் சில வருஷங்கள் செல்லும் என்று செடி வியாபாரிகள் கூறுவது உண்மையே. அவசரமுள்ளோர் வளர்ந்த செடியை வாங்கிக்கொள்ளட்டும். பொறுமையுள்ளோருக்கோ விதைக்குக் காசே தேவையில்லை. பூங்காக்களிலும் பெரிய கட்டிடங்களின் முகப்பிலும் இம்மரங்கள் காய்த்து உதிர்க்கும் பழங்கள் குப்பையோடு கூட்டித் தள்ளப்படுகின்றன. பூங்காக்களை நிர்வகிப்போர் அவற்றைச் சேர்த்துவைத்து, கேட்டு வருவோருக்கு அன்றன்றே கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டுமென்பது எமது கோரிக்கை.