புது டீச்சர் போனில் ஏகப்பட்ட குரூப்... பாடம் நடத்த உதவுவது எது?

ஸ்ரீரங்கத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியரை முதல் வாரத்திலேயே நாலைந்து வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். பள்ளி, ஒன்றியம், சங்கம், எமிஸ் என வரிசையாக. வருவதெல்லாம் சுற்றறிக்கையும், ‘இன்று மாலைக்குள் பதிவேற்றவும்’ ரகமும்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் ஏன் புரியலை என்று அங்கே கேட்டால், ஒரு கும்பிடு எமோஜி வரலாம்.

அந்தக் கேள்விக்குத்தான் ஆள் வேண்டும். 2017-ல் வந்த தீக்‌ஷா தளத்தில் பாடங்கள் இருக்கு. புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடு அங்கேதான் கொண்டுபோகும். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு ஆசிரியர் கையேடும் இருக்கு. ஆனால் கையேடு திருப்பிப் பேசாது. குறுவள மையப் பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசுவார். அதே வகுப்பெடுக்கும் அஞ்சாறு பேரின் நம்பரை அங்கேயே வாங்கி, தனியாக ஒரு குட்டி குரூப் ஆரம்பிக்கலாம். உறையூர்க்காரர் ஒருத்தர், லால்குடிக்காரர் ஒருத்தர் இருந்தால் இன்னும் நல்லது. சொந்த ஹெச்.எம். இல்லாத இடத்தில்தானே ‘எனக்கு இது நடத்த வரலை’ என்று எழுத மனசு வரும்!

பிள்ளைகளின் நோட்டைப் போட்டோ எடுத்துப் போட்டுக் கேட்கலாம். பெயரும் முகமும் வேண்டாம். குட் மார்னிங் ஃபார்வர்டும்தான்.