சைலன்சரை அறுத்தால் மைலேஜ் கூடுமா?

கேள்வி: "பழைய பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறோம். தோட்டத்துக்கும் டவுனுக்குமாக மாதம் 600 கிலோமீட்டர் ஓடும். சைலன்சருக்குள் இருக்கும் தகடுகள் புகையை அடைப்பதால்தான் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று சொல்லி, மச்சான் வீட்டிலேயே சைலன்சரை அறுத்துத் தகடுகளை எடுத்துவிட்டு, நேர் பைப் வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார். பின்னால் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்த பைப்பையும் வெட்டிவிட்டார். சத்தம் கூடிவிட்டது, இழுவையும் கூடின மாதிரி இருக்கிறது. மைலேஜ்தான் கூடியதா என்று சொல்லத் தெரியவில்லை. டிராக்டருக்கும் இப்படிச் செய்யலாமா? (காரில் சேலம் போய் வந்தால் இப்போதெல்லாம் பிள்ளைகளுக்குத் தலைவலியும் குமட்டலும் வருகிறது. ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.)"

- ராசிபுரம் பகுதி வாசகர் ஒருவர்

பதில்: கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் கடைசி வரிதான் முதலில் கவனிக்க வேண்டியது. மைலேஜ் கணக்கைப் பிறகு பார்க்கலாம். அந்த பைப்பைச் சரிசெய்யும்வரை காரில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. பெரியவர்களும் தவிர்ப்பது நல்லது.

பெட்ரோல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, கண் எரிச்சலும் தராது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு இது பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி ஆகியவைதான் ஆரம்ப அறிகுறிகள். வண்டியை விட்டு இறங்கிக் காற்றாட நின்றால் கொஞ்சம் தெளியும். அதனால் கார் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, காலையில் தின்றது சரியில்லை என்றோ நினைத்துவிடுவார்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பின்சீட்டில் தூங்கிவிட்டால் தூக்கம் எது, மயக்கம் எது என்று முன்னால் ஓட்டுபவருக்குத் தெரியாது.

கம்பெனி வைத்த பைப் காரின் பின்பக்கம் தாண்டி வெளியே நீண்டிருப்பது அழகுக்காக அல்ல. ஓடும் காருக்குப் பின்னால் காற்று சுழன்று உள்பக்கம் இழுக்கும். பைப் வண்டிக்கு அடியிலேயே முடிந்தால், புகை தரைத்தட்டின் ஓட்டைகள், பின்கதவு ரப்பரின் இடுக்குகள் வழியாக உள்ளே ஏறும். பழைய காரில் இந்த இடுக்குகளுக்குப் பஞ்சமிருக்காது. பின்கதவைத் திறந்து வைத்து மூட்டை ஏற்றிப் போனால் இன்னும் மோசம். ஓரிடத்தில் நிறுத்தி எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டு உட்காருவது எல்லாவற்றையும்விட ஆபத்து. அடுத்த முறை தலைவலி வந்தால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். தலைவலி விடவில்லை என்றாலோ, யாராவது தூங்கி வழிந்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போய், காரில் புகை ஏறியிருக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் அந்த வழியில் சோதிப்பார்.

இனி மைலேஜ். சைலன்சர் புகையைத் தடுக்கிறது என்று மச்சான் சொன்னது பொய்யில்லை. எவ்வளவு தடுக்கிறது என்பதில்தான் கணக்குத் தப்புகிறது. போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு இதை ஹெட் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். முழுச் சுமையில் உழும் டிராக்டர் எஞ்சினில் பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தம் ஏழு பார் அளவில் இருக்கும், அதாவது 70 மீட்டர் ஹெட். நல்ல நிலையில் உள்ள சைலன்சர் கொடுக்கும் எதிர் அழுத்தம் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர். எழுபது மீட்டருக்குத் தண்ணீர் தூக்கும் மோட்டாருக்கு டெலிவரி பைப்பை ஒரு மீட்டர் இறக்கி வைத்தால் என்ன மிச்சமாகுமோ, சைலன்சரையே கழற்றி எறிந்தாலும் அதுதான் மிச்சம். நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. அதற்கு மேல் இல்லை.

பெட்ரோல் காரில் இது இன்னும் வேடிக்கை. சமதளத்தில் அறுபதில் போகும்போது எஞ்சினுக்குக் காற்று விடும் மூடி பெரும்பகுதி மூடித்தான் இருக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்ச எஞ்சின் படும் பாடு நாலைந்து மீட்டர் ஹெட்டுக்குச் சமம். அதே நேரத்தில் சைலன்சரில் இருக்கும் தடை சில அங்குலம். வாசகரின் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 40 லிட்டர் ஆகும். அதில் நூற்றுக்கு ஒன்று மிச்சமானாலும் 400 மில்லி, சுமார் 40 ரூபாய். வெல்டிங் ராடு வாங்கிய காசுக்கே சில மாதம் ஆகும்.

அந்த 40 ரூபாயும் கைக்கு வராமல் போக ஒரு வழி இருக்கிறது. இப்போதைய பெட்ரோல் கார்களில் புகைப் பைப்பில் ஆக்ஸிஜன் சென்சார் உண்டு. புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்த்துத்தான் எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. சென்சாருக்கு முன்னாலோ பக்கத்திலோ வெல்டிங்கில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். கம்ப்யூட்டர், பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றும். மைலேஜ் குறையும், கார்பன் மோனாக்சைடும் கூடும். பேட்டரி வயரைக் கழற்றாமல் காரில் ஆர்க் வெல்டிங் அடித்தால் அந்தக் கம்ப்யூட்டரே கெடவும் வாய்ப்புண்டு. பல கார்களில் பின் சைலன்சருக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருப்பதால் வீட்டு வாசலில் இந்த வேலையைச் செய்தவர் தப்பித்ததே பெரிய விஷயம்.

எஞ்சினை ஒட்டியிருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மச்சான் தொடவில்லை என்று நம்புவோம். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டு, பிறகு எல்லா ஊருக்கும் வந்த கருவி அது. கார்பன் மோனாக்சைடைப் பெருமளவு குறைப்பது அதுதான். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு இருக்கும். அதை எடுத்துவிட்டால் மைலேஜ் கூடும் என்று சொல்பவர், எடுத்ததை நல்ல விலைக்கு விற்கத் தெரிந்தவராகவும் இருக்கலாம்.

பிறகு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டுகிறார்கள். வெல்டிங் பட்டறை இல்லாத ஊர் இந்தப் பக்கம் கிடையாது. அறுத்து ஒட்ட அரை மணி நேரம் போதும். ஆனால் வேர் டி.வி.எஸ். 50-இல் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த அந்த வண்டி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவதால் சைலன்சருக்குள் கரி அப்பிக்கொள்ளும். வழி அடைந்து வண்டி இழுக்காது, மைலேஜும் விழும். சைலன்சரைக் கழற்றி, கரியை எரித்தோ காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தோ சுத்தம் செய்தால் மறுநாளே பழைய இழுவை வரும். ஒரு தலைமுறையே இதைக் கண்ணால் பார்த்திருக்கிறது. கரியை எடுத்ததால் வந்த பலனை, தகட்டை எடுத்தால் வரும் பலன் என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

டூ ஸ்ட்ரோக்கிலும் தகட்டை எடுப்பது தவறுதான். அதில் புகை வெளியேறும் வழியும் புது பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். எரியாத பெட்ரோல் புகையோடு ஓடிவிடாமல் ஒரு பங்கைத் திருப்பித் தள்ளுவது சைலன்சரின் நீளமும் வடிவமும்தான். முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர் பலவற்றிலும் இதே கதை. கரியைச் சுரண்டலாம், சைலன்சரில் ஓட்டை போடக் கூடாது.

இழுவை கூடின மாதிரி இருப்பதற்குக் காரணம் காது. வண்டி உறுமினால் வேகம் பிறந்துவிட்டதாக மனசு நம்பும். நிஜமாகக் கூடியதா என்று தெரிய அளந்துதான் பார்க்க வேண்டும். எரிபொருள் மிச்சம் என்றால் நமக்கு ஆசை அதிகம். 1996-இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் என்று ராஜபாளையம் பக்கம் கிளம்பிய பேச்சை எத்தனை பேர் நம்பினோம்! அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து விவசாயி வில்மட் குரோசியர் விளம்பரத்தை நம்பி வாங்கிய டிராக்டர் சொன்ன வேலையைச் செய்யவில்லை. சட்டமன்ற உறுப்பினரானதும், சோதிக்காத டிராக்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது என்று 1919-இல் சட்டமே கொண்டுவந்தார். மறு வருடம் தொடங்கிய அந்தச் சோதனைகள் உலகப் புகழ் பெற்றன. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து, எந்தச் சுமையில் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று அறிக்கை தருகிறது. அந்தச் சோதனைகளெல்லாம் சைலன்சரோடு நடப்பவைதான்.

வீட்டில் செய்வதும் சுலபம். சமதளத்தில் நிறுத்தி டேங்கைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். டயர் காற்று சரிபார்த்து, ஆண்டகளூர் கேட்டிலிருந்து சேலம் போய் வருவதுபோல் ஒரே சாலையில், ஒரே ஆள், ஒரே வேகத்தில் 200 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில் அதே அளவுக்கு நிரப்பிப் பார்க்க வேண்டும். மூன்று முறையாவது செய்யாமல் எண்ணை நம்பக் கூடாது. போகும்போது முட்டை அட்டை ஏற்றி, வரும்போது சும்மா வந்தால் கணக்கு உதவாது.

டிராக்டருக்குச் செய்யலாமா என்றால், வேண்டாம். இங்கே காரணம் வேறு. சைலன்சரின் தகடுகள் எஞ்சினிலிருந்து வரும் கரித்தீப்பொறிகளை மோதி அணைக்கின்றன. மோகனூர்ப் பக்கம் கரும்புச் சோகைக்கு நடுவிலோ, கடலைக்கொடிப் போரை ஒட்டியோ, கதிரடிக்கும் களத்திலோ நேர் பைப் வைத்த டிராக்டரை ஓட்டுவது தீப்பந்தத்தோடு நுழைவதுபோல். (காருக்கும் இது பொருந்தும். சாலையில் கொள்ளுச்செடி பரப்பியிருந்தால் அதன் மேல் ஓட்டிப் போகாமல் இருப்பது நல்லது. அடியில் சுற்றிய தாள் சூடான பைப்பில் பற்றிக்கொள்ளும்.) அடுத்தது காது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது பணியிடங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் வகுத்த அளவு. சைலன்சர் இல்லாத டிராக்டரில் அந்த 100 எளிதாக எட்டிவிடும். போன செவி திரும்பி வராது.

டிராக்டரில் டீசல் வேறு இடத்தில் போகிறது. சுமை இல்லாமலே கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மரவள்ளி பிடுங்கிய செம்மண் காட்டில் இரண்டு நாள் உழுதாலே ஆயில் பாத் கிண்ணத்தில் சேறு தங்கும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் புகை வந்தால் நாசிலைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். டயர் பட்டன் தேய்ந்து சக்கரம் வழுக்கினால் நூறு சுற்றில் இருபது, முப்பது வீணாகும். பத்திலிருந்து பதினைந்துவரை வழுக்குவது இயல்பு, அதற்கு மேல் போனால் எடையையும் டயரையும் பார்க்க வேண்டும். டிரெய்லர் இழுக்கும் லேசான வேலைக்கு மேல் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரைக் குறைப்பது நல்லது. டீக்கடையில் பேசும்போது எஞ்சினை ஓட விட்டால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் போகும். சைலன்சரில் ஒரு மாதம் தேடினாலும் கிடைக்காத மிச்சம் அந்தச் சாவியில் கிடைக்கும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. 2019 திருத்தத்துக்குப் பின், விதிக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தால் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாதம் 40 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும் அந்த அபராதத்தைச் சேர்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும்.

வாசகர் இப்போது செய்ய வேண்டியது: அறுத்த சைலன்சரை மறுபடி ஒட்டவைக்க முயலாமல், அந்த மாடலுக்கான புதிய பின்பகுதியை நுனி பைப்போடு சேர்த்து, ரேம்ப் உள்ள பட்டறையில் மாற்ற வேண்டும். வீட்டில் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. தொங்கவிடும் ரப்பர்களையும் புதிதாகப் போட வேண்டும். மாற்றியதும், பைப் சூடேறுவதற்கு முன், திறந்தவெளியில் எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, கனமான துணியால் பைப் நுனியைச் சில விநாடி பொத்திப் பார்த்தால், கசிவு உள்ள இடத்தில் உஸ் என்று சத்தம் கேட்கும். இணைப்புகளில் கரி படிந்த கோடு இருந்தாலும் அது கசிவுதான். புகைச் சான்று எடுக்கும்போது கார்பன் மோனாக்சைடு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். தரைத்தட்டில் துரு ஓட்டை இருந்தால் அதையும் அடைத்த பிறகே பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

புதிய சைலன்சரின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருந்து தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக ஓடும் காரில் பைப் முழுதாகச் சூடேறாமல் அது உள்ளேயே தங்கித்தான் சைலன்சர் துருப்பிடிக்கிறது. கம்பெனி விட்ட அந்த ஓட்டையை எம்-சீல் போட்டு அடைத்துவிடக் கூடாது.