முப்பது புள்ளி போதுமா?

"கிரிக்கெட்டே ஒழுங்கா பார்க்க மாட்டே, உனக்கு எதுக்குடா பேஸ்பால்?" என்று ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். ஒரு பேஸ்பால் மேட்சைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த செமஸ்டர் லீவில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அமெரிக்க மேஜர் லீக்கின் 30 அணிகளுடைய மைதானங்களையும் ஒரு வரைபடத்தில் குறித்ததுதான்.

வேலை என்னவோ சுலபம். மைதானத்தின் பெயர், திறந்த வருடம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் அடித்து, க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் புள்ளிகள் வந்துவிடும். முதல் தடவை தீர்க்கரேகைக்கு முன்னால் மைனஸ் போட மறந்துவிட்டேன். பாஸ்டனின் ஃபென்வே பார்க் மத்திய ஆசியாவில் போய் உட்கார்ந்துவிட்டது :-)

சரி செய்துவிட்டு ஒவ்வொரு மைதானத்தையும் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் சுவாரஸ்யம் தொற்றிக்கொண்டது. கிரிக்கெட்டில் பிட்ச் 22 கஜம், பவுண்டரி ஊருக்கு ஊர் மாறும் இல்லையா? இங்கேயும் அதே கதை. பேஸுக்கு பேஸ் 90 அடி, அதில் மாற்றமே கிடையாது. வெளிச்சுவர் மட்டும் அந்தந்த ஊரின் இடத்தைப் பொறுத்தது. 1912-ல் திறந்த ஃபென்வேயில் இடப்பக்கச் சுவர் 310 அடி தூரத்திலேயே வந்துவிடுகிறது. அதை ஈடுகட்டுவது போல 37 அடி உயரத்துக்கு நிற்கிறது. அந்தி வெயில் பேட்ஸ்மேன் கண்ணில் அடிக்காதபடி மைதானம் கிழக்கு-வடகிழக்கைப் பார்த்து இருப்பது நல்லது என்று விதிப்புத்தகமே சொல்கிறது.

பிரச்சினை ஆரம்பித்தது ஓக்லண்டில். அத்லெடிக்ஸ் அணியை எங்கே குறிப்பது? பிலடெல்பியாவில் பிறந்து, 1955-ல் கான்சஸ் சிட்டிக்குப் போய், 1968-ல் ஓக்லண்டுக்கு வந்த அணி அது. 2024 சீசனோடு அங்கிருந்தும் கிளம்பிவிட்டது. 2025 முதல் மேற்கு சாக்ரமெண்டோவில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறது. 2028-ல் லாஸ் வேகாஸ் போவதாகத் திட்டம். புள்ளியை நகர்த்த எனக்கு ஒரு விநாடி போதும். 57 சீசன் கூடவே இருந்த ஊர்க்காரர்களுக்கு?

அப்புறம் புரூக்ளின். 1947-ல் ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல்முறை இறங்கி, மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த எபெட்ஸ் ஃபீல்ட் 1960-ல் இடிக்கப்பட்டது. இன்றைக்கு அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. 1957 சீசனோடு புரூக்ளினை விட்டுப்போன அதே அணிக்கு, லாஸ் ஏஞ்சலஸில் 1962-ல் புது ஸ்டேடியம் திறந்தார்கள். அந்த இடம் சாவேஸ் ரவீன். மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்த மூன்று குடியிருப்புகள் இருந்த இடம். அரசு வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லித்தான் 1950-ல் அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது, நிலம் டாட்ஜர்ஸுக்குப் போனது. மிஞ்சியிருந்த குடும்பங்களை 1959-ல் போலீஸை வைத்துத் தூக்கி வெளியேற்றினார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த இடத்தில் 'டாட்ஜர் ஸ்டேடியம், 1962' என்று மட்டும் ஒரு புள்ளி வைத்தால் அது முழு உண்மையா?

இல்லாததையெல்லாம் குறித்தால் படம் குப்பையாகிவிடும் என்று நண்பன் சொன்னான். சுற்றுலா போகிறவருக்கு அது சரி, 30 புள்ளி போதும். நான் டிக்கெட் வாங்கப் போவதில்லை, புரிந்துகொள்ளப் போடுகிறேன். அதனால் இன்றைய மைதானங்களுக்கு நிரப்பிய வட்டம், இடித்துப் போனவற்றுக்கு வெற்று வட்டம், தனித்தனி அடுக்காக. வேண்டாதவர்கள் ஒரு க்ளிக்கில் அணைத்துவிடலாம். எக்செல் தாளில் புதிதாக ஒரு பத்தியும் சேர்த்திருக்கிறேன்: 'இதற்கு முன் இங்கே என்ன இருந்தது?'

மைதானம் கட்ட வெறும் நிலம் தானாகக் கிடைப்பதில்லை என்பது அந்தப் பத்தியை நிரப்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பொழுதுபோக்காக வரைபடம் போடுகிற யாராக இருந்தாலும், என்ன விஷயமாக இருந்தாலும், அந்த ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். முப்பது வரியில் பாதி எனக்கு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. லீவு முடிய பத்து நாள் இருக்கிறது, பார்ப்போம்.